அழுகண்ணிக்கு நான் போட்ட வேலி

ஒரு செடியை நான் கொன்றுவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "மாடித் தொட்டியில எத்தனையோ ரோஜாவ கொன்னுருக்க, அதுல இதுவும் ஒண்ணு" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு ரோஜா வளர்க்க வராது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் நான் சொல்லும் செடி தொட்டியில் வளர்வதில்லை. உரம் போட்டால் சாகும். நிழல் விழுந்தால் சாகும். பக்கத்தில் புல் உயர்ந்தால் சத்தமில்லாமல் சாகும். இதெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். தெரிந்திருக்க வேண்டிய காலத்தில் கையில் தாவரவியல் பட்டம்தான் இருந்தது.

இன்றைக்கும் புவனகிரி பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு மண்ணில் வட்டமாகக் காய்ந்து கிடந்தால் என் கண் அங்கே போய் நின்றுவிடும். குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்வேன். ஒருநாள் என் மாணவி ஒருத்தி பார்த்துவிட்டு, "என்ன மிஸ் தொலைச்சீங்க?" என்று கேட்டாள். கம்மல் திருகாணி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நல்ல பெண். பஸ் வரும்வரை என்னோடு சேர்ந்து தேடினாள்.

அந்தச் செடிக்கு அழுகண்ணி என்று பெயர். மழைக்காலம் முடிந்ததும் செம்மண் மேட்டில், ஈரம் காயாத வெறுந்தரையில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும். இலைகள் கரண்டி வடிவில் சின்னச் சின்னதாக வட்டம் கட்டியிருக்கும். முழுக்க சிவப்பு. ஒவ்வொரு இலையிலும் மெல்லிய ரோமங்கள், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு துளிப் பசை. கொசுவோ சிற்றெறும்போ அதில் காலை வைத்தால் தீர்ந்தது, இலை மெல்ல மடங்கி அதைத் தின்றுவிடும். நடுவிலிருந்து நூல் போல ஒரு தண்டு எழும்பி, அதில் எள்ளுப்பூவை விடச் சிறிய வெள்ளைப் பூ பூக்கும். வெயில் ஏறினால் விரியும், மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். மேகமாக இருந்தால் திறக்கவே திறக்காது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் வெயிலையும் பார்த்துப் போக வேண்டும்.

2005இல் சிதம்பரத்தில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். கடலூருக்கு மேற்கே இருக்கும் செம்மண் மேட்டுத் தாவரங்கள்தான் என் ஆய்வு. அந்த வருஷ மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். குமராட்சியிலிருந்து சித்தப்பா குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கியது. தண்ணீர் வடிந்து, ஊர் சேறு காய்ந்து, மார்கழி பிறந்த பிறகுதான் நான் மறுபடியும் பஸ் ஏறி மேட்டுக்குப் போக முடிந்தது.

அது ஒரு மேய்க்கால் புறம்போக்கு. ஊர் ஆடு மாடுகள் மேய்வதற்கென்று அரசாங்கம் விட்டுவைத்த பொது இடத்துக்கு அப்படித்தான் பெயர். ஒரு பக்கம் முந்திரித் தோப்பு, மறுபக்கம் ஓடை. நான் ஏதோ ஒரு கோரைப்புல்லைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"யம்மா, காலத் தூக்கு. அந்தச் செவப்ப மிதிச்சிக்கினு நிக்கிற."

திரும்பினால் கையில் கோலோடு ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். பின்னால் இருபது ஆடுகள். நான் காலைத் தூக்கினேன். செருப்புக்கு அடியில் மூன்று சிவப்பு வட்டங்கள் நசுங்கிக் கிடந்தன. அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தேன். எனக்கு முன்னால், ஆட்டுக் குளம்படிகளுக்கு நடுவே, தரை முழுக்க அதே சிவப்பு. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் பூக்கள் திறக்கத் தொடங்கியிருந்தன. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. அந்த அக்கா பயந்துபோய், "இன்னாம்மா, எறும்பு கடிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

எங்கள் துறையில் அதைக் காய்ந்த தாளில் ஒட்டிய பழைய மாதிரியாகத்தான் பார்த்திருக்கிறோம். என் வழிகாட்டிப் பேராசிரியர் உயிரோடு பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸில் என்னோடு வந்தார். மேட்டில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றினார். கோயிலா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்த லென்ஸை எடுத்து வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் பார்த்ததில்லை.

"இத காப்பாத்தணும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எதிலிருந்து காப்பாற்றுவது என்று யோசித்தோம். சாருக்கு மூலிகைக்காரர்களை நினைத்துப் பயம். அழுகண்ணியைக் கொண்டு செம்பைப் பொன்னாக்கலாம் என்று நம்பி மண்வெட்டியோடு அலைகிறவர்கள் உண்டு. ஆனால் எனக்குப் பயமெல்லாம் ஆட்டின் மேல். உண்மையைச் சொன்னால் பயமில்லை, கோபம். மூன்றாவது முறை போனபோது ஒரு கிடா என் குறிப்பு நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து என் முன்னாலேயே மென்று தின்றது. அந்தப் பக்கத்தில்தான் நான் இடங்களை வரைந்து வைத்திருந்தேன். அக்கா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

"இந்த ஆடுங்களால இந்த பூவே இல்லாம போயிடும்க்கா" என்றேன்.

"ஆடு அத தொடாதும்மா. வாயில ஒட்டும். இங்க புல்ல ஆடு தின்னுதா, அதனாலதான் அது தல தூக்குது. நானும் கல்யாணமாயி வந்ததுலேர்ந்து பாக்குறேன், வருசா வருசம் இருக்குது."

அவருக்கு மேய்ச்சல் இடம் போய்விடும் என்ற கவலை, அதனால் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய வீட்டுக்காரர் செம்மங்குப்பத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கப் போவார், வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீடு ஓடுவது ஆட்டில்தான். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆட்டுக்காரர் ஆட்டுக்குத்தானே சாட்சி சொல்வார் என்று எனக்குள் ஒரு கெட்டிக்காரி சொன்னாள். ஆடு நோட்டைத் தின்றதைத் தேதி போட்டு எழுதி வைத்தேன். அவர் சொன்னதை நோட்டில் எழுதவே இல்லை.

2006 கோடையில் சார் கையெழுத்தோடு ஊராட்சிக்கு ஒரு மனு கொடுப்பதென்று முடிவானது. அபூர்வமான செடி இருக்கும் பகுதியில் மேய்ச்சலைத் தடுக்க வேண்டும், வேலி போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும். மனுவை எழுதியது நான். என் கையெழுத்து குண்டு குண்டாக, அச்சு போல இருக்கும் என்று பள்ளியிலிருந்தே பெயர் வாங்கியவள். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டார்.

"மேய்க்கால்ல மேய்ச்சல தடுக்கணும்னா அது பெரிய பிரச்சனம்மா. ஆட்டுக்காரங்க எல்லாம் வந்து நிப்பாங்க. இப்ப அங்க மேய்ச்சலே கெடையாதுன்னு ஒரு வரி சேத்துடு. யாருக்கும் நஷ்டம் இல்ல பாரு, சுலபமா போயிடும்."

சேர்த்தேன். 'மேற்படி இடம் தற்போது கால்நடை மேய்ச்சலுக்குப் பயன்படுத்தப்படவில்லை. எனவே இதனால் எவருக்கும் பாதிப்பு இல்லை.' அன்று காலையில்தான் அந்த மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தேன். பாவாடை ஓரத்தில் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது. ஒரு நல்ல காரியத்துக்காக ஒரு சின்னப் பொய் என்று என்னையே தட்டிக்கொடுத்தேன். சாரிடம் அந்த வரியைக் காட்டினேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். காட்டியதாக ஞாபகம் இல்லை. மடித்த தாளில் அவர் கையெழுத்துப் போட்டார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அனுமதி கிடைத்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, இடைவெளியில் கருவேல முள் அடைத்தோம். மேட்டின் நடுப்பகுதி முழுக்க வேலிக்குள் போனது. ஓடைக்குப் போகும் வழியும் சேர்ந்து அடைபட்டது. அந்த வழியில்தான் ஆடுகள் தண்ணீருக்குப் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. கடைசித் தூணை நடும்போது அக்கா வந்தார். ஆடுகளைத் தள்ளி நிறுத்திவிட்டு வேலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"இனிமே எங்க ஓட்டுறதுன்னும் அந்த காயிதத்துல எழுதிட்டியா?"

"கொஞ்ச காலம்தான்க்கா. பூவு நெறைய ஆயிட்டா வேலிய எடுத்துடலாம்."

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவர் கத்தவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார். அடுத்த முறை போனபோது ஆடுகளை விற்றுவிட்டு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். அந்த ஊரில் ஆடு வைத்திருந்த மற்ற இரண்டு பேரும் விற்றுவிட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிம்மதியாகவும் இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை.

முதல் வருஷ மார்கழியில் வேலிக்குள் அழுகண்ணி நிறையவே வந்திருந்தது. தூண் குழி தோண்டிப் போட்ட மண்ணில்கூட முளைத்திருந்தது. புல்லும் முழங்கால் உயரம். எவ்வளவு பச்சை என்று நானும் சாரும் வியந்துகொண்டோம். கேமரா கொண்டுபோய் வேலி தெரியும்படி நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் என் ஆய்வேட்டில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் அதைப் பாராட்டினார்கள். எனக்குச் சிதம்பரத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

இரண்டாம் வருஷம் புல் இடுப்புக்கு வந்துவிட்டது. விலக்கி விலக்கித் தேடியதில் கொஞ்சம் கிடைத்தது. இலைகள் சிவப்பாக இல்லை, வெளிறிய பச்சை. படுத்துக் கிடக்க வேண்டிய இலைகள் வெளிச்சத்தைத் தேடி நிமிர்ந்திருந்தன. பசைத் துளியும் சரியாக இல்லை. மழை போதவில்லை என்றார் சார். நானும் போதவில்லை என்றேன்.

2008இல் மழையைக் குறை சொல்ல முடியவில்லை. கொட்டித் தீர்த்தது. மார்கழியில் நாங்கள் போனபோது வேலிக்குள் மனிதர் நுழைய முடியாதபடி புல்லும் புதரும் மண்டியிருந்தன. சாருக்கு முட்டி வலி, வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நான் தவழ்ந்து போனேன். புல் கையை அறுத்தது. அடியில் தரை இருட்டாக, பழைய சருகு மூடி, கொழகொழவென்று இருந்தது. மூலைக்கு மூலை பார்த்தேன். ஒன்று கூட இல்லை. ஒன்றே ஒன்றாவது இருக்கும் என்று மறுபடியும் முதல் தூணிலிருந்து ஆரம்பித்தேன். அப்போது சார் கூப்பிட்டார்.

"வெளியில வாம்மா."

வேலிக்கு வெளியே, அவர் காலடியில், ஆள் நடமாடும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில், யாருடைய மாடோ மிதித்துப் போன வெறுந்தரையில் ஏழு அழுகண்ணிகள் இருந்தன. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. பூ திறந்திருந்தது. நாங்கள் அடைத்த இடத்தில் ஒன்றும் இல்லை, அடைக்காமல் விட்ட இடத்தில் இருந்தது.

எனக்கு அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. எழுதிக்கொள்ளாதது, ஆனாலும் வார்த்தை மாறாமல் வந்தது. முள்ளைப் பிய்த்து எறிய ஆரம்பித்தேன். கை கிழிந்து ரத்தம் வந்ததும் சார்தான் என்னைத் தடுத்து உட்கார வைத்தார். "அவசரப்படாத. ஆளு வச்சி எடுப்போம். ஆட்டுக்காரங்கள போய் பாப்போம். விதை மண்ணுல கெடக்கும், வெளிச்சம் பட்டா வரும்" என்றார். வரும் என்று நானும் நம்பினேன். கோடையில் வேலியை எடுப்பதென்று முடிவு செய்தோம். அந்த வருஷம்தான் அவர் ஓய்வு பெற்று, திருச்சியில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அந்தக் கோடையில் கல்யாணம். வேலியை எடுக்கும் வேலை தள்ளிப்போனது. 2009 ஆடியில்தான் போக முடிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரோட்டில் செம்மண் சிந்திக் கிடந்தது. எதிரே தார்ப்பாய் மூடிய லாரிகள் வரிசையாக வந்தன. மேடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மூன்று ஆள் ஆழம். அடியில் மஞ்சள் எந்திரம் ஒன்று நின்றது. வேலியின் கல்தூண்கள் பள்ளத்தின் ஓரத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். மேல் மண்ணைத்தான் முதலில் வழித்திருப்பார்கள். விதை இருந்தது அதில்தான். எந்த ரோட்டுக்கு அடியில், எந்த வீட்டு அஸ்திவாரத்தில் அது இப்போது கிடக்கிறதோ.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஓர் அதிகாரி உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். மேய்க்காலை வேறு காரியத்துக்கு மாற்றுவது லேசில்லை என்று அவரே விளக்கினார். மேய்ச்சல் நடக்கிறது என்று தெரிந்தால் கோப்பு நகராது. பிறகு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மேலேயே இருந்தது, ஜெராக்ஸ் எடுத்த என் மனு. குண்டு குண்டான எழுத்து, அச்சு போல.

"நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க, மேய்ச்சல் இல்லன்னு?"

நான் பொய் எழுதினேன் சார் என்று சொல்லியிருக்கலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த நான்கு வார்த்தைகளைச் சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். பொய் மனு என்றால் சார் பெயரும் கெடும் என்று நினைத்தேன். அதுகூட ஒரு சாக்குதான், என் பெயர் கெடும் என்றுதான் நினைத்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கீழே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. கடலூருக்குப் போக வேண்டியிருந்தால் சுற்றுவழி பஸ்ஸில் போவேன். ஆனால் மார்கழி வந்தால் திருச்சியிலிருந்து போன் வரும். சாருக்கு அதற்குள் கண்பார்வை மங்கிவிட்டது. குசலம் கூடக் கேட்க மாட்டார்.

"பூத்துச்சாம்மா?"

"பூத்துருக்கு சார்."

"வேலி எடுத்ததும் சரியாயிடுச்சி பாத்தியா. எவ்வளவு இருக்கும்?"

"பாதை ஓரமா நெறைய இருக்கு சார்."

அவர் சிரிக்கும் சத்தம் கேட்கும். சிவப்பா இருக்கா, பூ எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவார். நானும் சொல்லிக்கொண்டே போவேன். போகப் போக எனக்கு அது கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது. இந்த இடத்தில் பத்து, அந்த மூலையில் பதினைந்து என்று பள்ளத்தின் மேல் காற்றில் செடிகளை முளைக்க வைத்தேன். 2011 கார்த்திகையில் அவர் போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் போனேன். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பூ கதையதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருப்பாரு" என்று சொல்லி அழுதாள். அங்கே என்னால் அழ முடியவில்லை. அந்த மார்கழியில் போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன்.

அந்த டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. கடலூர்ப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்பு தோப்பாகப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் சாவு வீட்டில் பேசுவது போலத்தான் பேசினார்கள்.

அது நடந்து ஒரு வருஷம் கழித்து, 2012 மார்கழியில், மாணவி ஒருத்தியின் அப்பா இறந்துவிட்டார் என்று துக்கம் கேட்கப் போனேன். அவர்கள் ஊர் அந்தப் பள்ளத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர். தட்ட முடியாத காரியம், அதனால் போனேன். திரும்பும்போது பஸ்ஸுக்கு ரோட்டோரத்தில் நின்றேன். இருபக்கமும் வெட்டவெளி. விழுந்த மரங்களை அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள், அடிக்கட்டைகள்தான் இருந்தன. ஐந்தாறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார். என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார்.

"வேலிக்கார பொண்ணுதான நீ?"

ஆளே இளைத்துப் போயிருந்தார். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்து, நகம் தேய்ந்திருந்தது. புயலுக்கு அப்புறம் உடைக்கக் கொட்டை ஏது, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஆடுகளை வைத்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன் என்றார். எனக்குச் சொல்ல வேண்டியதை அன்று சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பட்டது. மனுவில் பொய் எழுதியதைச் சொன்னேன். அதனால்தான் மேடு போனது என்று சொன்னேன். என்ன மன்னிச்சிடுக்கா என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படிக்கா?"

"மண்ணு எடுக்க அளவு கல்லு போட்டப்போ நாங்க நாலு பொம்பளைங்க போயி கேட்டோம். அது மேய்க்காலு, குடுக்காதீங்கன்னு. அந்த காயிதத்தத்தான் படிச்சி காட்டுனாங்க. படிச்ச பொண்ணு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்குது, நீங்க இன்னா புதுசா சொல்ல வரீங்கன்னு கேட்டாங்க. வந்துட்டோம்."

அவர் அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் ஒரு முந்திரி அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். ஆடு ஒன்று என் பையை முகர்ந்தது. அவர் அதை விலக்கிவிட்டு, என்னைப் பார்த்து மனம் இளகினாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அழுவாத. அந்தச் செவப்பு செத்துப் போவல. புயல்ல மரம் வுழுந்து வெயிலு பட்டுதில்ல, ஒரு எடத்துல மொளச்சிக் கெடக்குது. ஆட்ட அங்கதான் வுடறேன். போன வாரம் பூவுகூட வச்சிது."

"எங்கக்கா?"

அவர் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டுவிட்டேன். கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டேன். கை தானாகப் பைக்குள் போய் நோட்டைத் தேடியது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போனார்.

"அத மட்டும் கேக்காத. சொல்ல மாட்டேன்."

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா. ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன்."

"அன்னிக்கும் நீ பாக்கத்தான் வந்த" என்றார்.

நோட்டைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தேன். ஈர மண்ணில் ஆடுகள் வந்த தடம் தெளிவாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம், அது என் தொழில். அவருக்கும் அது தெரிந்திருந்தது. கோலை ஊன்றிக்கொண்டு, எனக்கும் அந்தத் தடத்துக்கும் நடுவே நின்றார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பூ திறந்திருக்கும் நேரம்.

பஸ் வர அரை மணி நேரம் ஆயிற்று. ஆடுகள் பொறுக்காமல் கத்தின, அவர் நகரவில்லை. பஸ் வந்ததும் ஏறி, இடப்பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தும் அவர் நிற்பது தெரியாத வலப்பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். புவனகிரி என்று சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டேன். வண்டி புறப்பட்ட பிறகுதான் ஆடுகளை ஓட்டும் அவர் குரல் கேட்டது. எந்தப் பக்கம் ஓட்டினார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.